மாமாவும் அறுநூறு வருஷத்துத் துப்பாக்கியும்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பழைய பொருள் இரும்பாக இருந்து, அதில் ஓர் ஓட்டையும் இருந்துவிட்டால் போதும், அது கட்டபொம்மனுடையது. ஓட்டை இல்லையென்றால் ஊமைத்துரையுடையது. 'எப்படிச் சொல்றீங்க?' என்று கேட்பவன் எட்டப்பன். எங்கள் பக்கத்து ஆராய்ச்சி முறை இவ்வளவுதான். ரொம்பச் சிக்கனமானது.

2022-இல் வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் தொல்லியல் துறை குழி போட ஆரம்பித்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை என்று வரிசையாகக் கிடைத்ததைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து எங்கள் ஜனங்கள் குனிந்த தலை நிமிராமல் நடக்கிறார்கள். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கிறார்கள்!

அப்படிக் குனிந்தவர்களில் ஒருவர் என் தாய்மாமா. சாத்தூர் பக்கம் கிராமம். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் 'ஆபீஸ்' என்றால் தொழிற்சாலை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். என்னைப்போல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஃபைல் புரட்டுகிறவன் 'ஆபீஸில் வேலை' என்று சொன்னால், 'எந்த ரூமு, திரி வெட்டுறதா, மருந்து செலுத்துறதா?' என்று கேட்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மாமா போன் செய்தார்.

"மாப்ளே, ஒரு துப்பாக்கி வருது."

எனக்குப் பகீரென்றது. "யாரைத் தேடி மாமா?"

"அட, விலைக்கு வருதுடா. ஐரோப்பாவில செஞ்சது. அறுநூறு வருஷத்துக்கு முந்தியது. கைப்பீரங்கியாம். போர்ச்சுக்கீசியன் கொண்டுவந்து, பாளையக்காரர் கைக்கு மாறி, அரண்மனைக் கிணத்துல கிடந்திருக்கு. நமக்கு நாப்பதாயிரம். வெளிநாட்டுல இருபது லட்சம் போகுதாம். நீதான் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கியே... நெசமான்னு பாத்துச் சொல்லு. ஞாயித்துக்கிழமை பணம் குடுக்கணும்."

நாற்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சீட்டு எடுத்த பணம். மாமா பெண்ணுக்குக் காலேஜில் இரண்டாம் வருஷ ஃபீஸ் கட்ட வைத்திருந்தது. "இருபது லட்சம் வந்தா நாலு வருஷ ஃபீசையும் ஒரே நாள்ல கட்டிரலாம்ல?" என்றார். கணக்கப்பிள்ளை. கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். போட்ட தொகைதான் உதைக்கும்.

வாட்ஸப்பில் படமும் வந்தது. துருப்பிடித்த ஒரு குழாய், ஓர் அடியைவிடக் கொஞ்சம் நீளம். ஒரு பக்கம் வாய், மறுபக்கம் நீளமான இரும்பு வால், வால் பக்கத்தில் மேலே ஒரு சின்ன ஓட்டை. பக்கத்திலேயே புரோக்கர் அனுப்பியிருந்த இன்னொரு படம், ஏதோ ஜெர்மனி மியூசியத்தில் இருக்கிற துப்பாக்கி. நியாயமாகச் சொல்ல வேண்டும், இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருந்தன.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஐந்து சாயங்காலம் இருந்தது. டி.வி. சீரியலை வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த ஐந்து நாளில் படித்ததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் மாமாவுக்கும் ஒரு புரோக்கர் வரலாம்.

* * *

முதல் சங்கதி, ஐரோப்பாவின் ஆதிகாலத் துப்பாக்கிகளுக்கு ஜாதகம் கிடையாது. சீனாக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். துப்பாக்கியை வார்க்கும்போதே வருஷத்தை மேலே வெட்டிவிடுவார்கள். 1298 என்று அர்த்தமாகும் எழுத்தோடு ஒரு வெண்கலத் துப்பாக்கி அங்கே கிடைத்திருக்கிறது. ஐரோப்பியக் கொல்லர்கள் அந்த நாளில் வருஷமும் போடவில்லை, பேரும் போடவில்லை. அதனால் வயசு கண்டுபிடிக்க மூன்று வழிதான். கிடைத்த இடம், பழைய படம், உடம்பின் அமைப்பு.

கிடைத்த இடத்துக்கு உதாரணம், புரோக்கர் அனுப்பிய அதே ஜெர்மன் துப்பாக்கி. அதன் பெயர் டானன்பெர்க் துப்பாக்கி. ஹெஸ்ஸ மாநிலத்தில் டானன்பெர்க் என்று ஒரு கோட்டை. அங்கே இருந்தவர்கள் வழிப்பறி செய்து அக்கம்பக்கத்து ஊர்களுக்குத் தொல்லை கொடுத்ததால், 1399-இல் எல்லோரும் கூட்டுச் சேர்ந்து வந்து கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு 1849-இல் அந்த இடிபாட்டைத் தோண்டியபோது ஒரு நீர்த்தொட்டிக்குள் இந்த வெண்கலத் துப்பாக்கி கிடந்தது. நீளம் ஏறக்குறைய 32 செ.மீ. எடை ஒன்றேகால் கிலோ. 1399-இல் இடிந்த கோட்டைக்கு அடியில் கிடந்த பொருள், 1399-க்கு முன்னால்தானே செய்திருக்க வேண்டும்? அவ்வளவுதான் தர்க்கம். ஒரு பெரிய யுத்தமே அந்தத் துப்பாக்கிக்கு பர்த் சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிட்டது.

கவனித்தீர்களா? புரோக்கரும் 'கிணத்துல கிடந்தது' என்றுதான் சொல்லியிருக்கிறார். எந்தக் கிணறு, யார் தோண்டியது, கூட என்ன கிடைத்தது என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் ரகசியம் சார்." கிணறு இல்லாத கிணற்றுத் துப்பாக்கி!

இரண்டாவது வழி, படம். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டுக்காக 1326-ஐ ஒட்டி வால்டர் டி மைல்மீட் என்பவர் ஒரு புத்தகம் தயார் செய்தார். அதில் ஒரு படம். பூச்சாடி மாதிரி வயிறு பெருத்த ஒரு பாத்திரத்தை மேஜைமேல் படுக்க வைத்திருக்கிறது. வாயில் ஒரு அம்பு. பின்னால் கவசம் போட்ட ஓர் ஆள் பயந்துகொண்டே தீ வைக்கிறான். தீபாவளியன்று அணுகுண்டுக்குப் பத்தி நீட்டுகிற அதே போஸ்! ஐரோப்பாவில் பீரங்கிக்குக் கிடைத்த மிகப் பழைய படங்களில் அது ஒன்று. ஓவியர் ஏதோ கற்பனையில் வரைந்துவிட்டார் என்று சொல்ல வழியில்லை. ஏனென்றால் 1861-இல் ஸ்வீடனில் லோஷுல்ட் என்ற ஊரில் நிலத்துக்குள்ளிருந்து அதே பூச்சாடி வடிவத்தில் வெண்கலத்திலே ஒன்று கிடைத்தது. சுமார் 30 செ.மீ. நீளம், 9 கிலோ எடை. படத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து 14-ஆம் நூற்றாண்டு என்று முடிவு கட்டினார்கள்.

மூன்றாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உடம்பைப் பார்த்து வயசு சொல்வது. நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

வாலைப் பார்க்க வேண்டும். சிலவற்றுக்குப் பின்பக்கம் குழிவாக இருக்கும், மண்வெட்டிக்குக் காம்பு போடுகிற மாதிரி கட்டையைச் செருகிக்கொள்ளலாம். சிலவற்றுக்கு இரும்புக் கம்பியே வாலாக நீளும். சிலவற்றை மரக்கட்டையில் பதித்துப் பட்டை போட்டுக் கட்டியிருப்பார்கள். பிறகு அடிப்பக்கம் ஒரு கொக்கி வந்தது. கோட்டைச் சுவரில் அந்தக் கொக்கியை மாட்டிவிட்டுச் சுட்டால், துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதையைச் சுவர் வாங்கிக்கொள்ளும், சுடுகிறவன் தோள் பிழைக்கும். ஜெர்மன்காரன் அதற்குக் 'கொக்கித் துப்பாக்கி' என்றே பெயர் வைத்தான். அந்த வார்த்தை தேய்ந்துதான் ஆர்க்யூபஸ் என்று ஆயிற்று.

நீளத்தைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் குட்டையாக, குண்டாக இருந்தவை, 15-ஆம் நூற்றாண்டு போகப் போக ஒல்லியாக நீண்டன.

எல்லாவற்றையும்விட முக்கியம், திரி வைக்கிற ஓட்டை. முதலில் அது குழாயின் மேல் பக்கம் இருந்தது. ஒரு கையால் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு கையில் புகைகிற திரி. ஓட்டையைப் பார்த்துத் திரியை வைத்தால் எதிரியைப் பார்க்க முடியாது. எதிரியைப் பார்த்தால் ஓட்டையில் வைக்க முடியாது, கட்டை விரலில் வைத்துக்கொள்வோம். இந்த அவஸ்தையிலிருந்து பிழைக்க ஒரு வளைந்த இரும்பைப் பொருத்தி, அதன் நுனியில் திரியைச் செருகினார்கள். கீழே அழுத்தினால் மேலே திரி தானாகப் போய் மருந்தில் விழும். வியன்னாவில் இருக்கிற 1411-ஆம் வருஷத்துக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் இந்த ஏற்பாட்டின் படம் இருக்கிறது. இதற்குத் தோதாக, 15-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஓட்டை மேலிருந்து இறங்கி வலது பக்கத்துக்கு வந்து, அதற்குக் கீழே மருந்து வைக்க ஒரு குட்டித் தட்டும் முளைத்தது. இரண்டு கையும் துப்பாக்கியில், கண் எதிரியில். ஓட்டை மேலே என்றால் பெரும்பாலும் பழசு, பக்கவாட்டில் தட்டோடு இருந்தால் பிந்தையது. ஒரு துளை நகர்ந்த தூரம் இரண்டு அங்குலம்கூட இருக்காது, அதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது. நம் அரசாங்க ஃபைலைக் குறை சொல்லாதீர்கள்.

அந்த வளைந்த இரும்பு பாம்பு மாதிரி இருந்ததால் இங்கிலீஷில் அதற்குப் பாம்பு என்று அர்த்தம் வருகிற பெயர். பிற்பாடு வந்த துப்பாக்கிகளில் அதே உறுப்பை ஜெர்மன்காரன் சேவல் என்றான். பிரெஞ்சுக்காரனும் போர்ச்சுக்கீசியனும் நாய் என்றார்கள். நாம் என்ன சொல்கிறோம்? குதிரை! துப்பாக்கியில் ஒரு மிருகக்காட்சி சாலையே இருக்கிறது.

* * *

வியாழக்கிழமை, ஆபீஸில் மதிய சாப்பாட்டு நேரத்தில் கேஷியர் ஒரு சந்தேகம் கேட்டார். "ஐரோப்பாவுல ஏன் சார் தேடறீங்க? நம்ம தேசத்துல ராமாயண காலத்துலயே துப்பாக்கி இருந்ததாமே?"

இந்தச் சந்தேகம் புதிதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஓப்பர்ட் என்ற ஜெர்மானியர் 1880-இல் இதற்காகவே ஒரு புத்தகம் போட்டார். சுக்ர நீதி என்ற நூலில் வெடிமருந்தும் குழல் ஆயுதமும் இருக்கின்றன, தென்னாட்டுக் கோயில் சிற்பங்களில் துப்பாக்கி வீரர்கள் இருக்கிறார்கள், ஆகவே பழங்காலத்திலேயே நம்மிடம் துப்பாக்கி இருந்தது என்பது அவர் கட்சி. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நூல் அவர் நினைத்த அளவுக்குப் பழசு இல்லை, துப்பாக்கி வந்த பிறகு எழுதியது என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். சிற்பங்கள்? காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் கல்யாண மண்டபத் தூணில் துப்பாக்கி உண்டு, நிஜம்தான். கோயில் பழசு. மண்டபம் விஜயநகர, நாயக்கர் காலத்தில் எழுந்தது. பாட்டி வீட்டில் கலர் டி.வி. இருக்கிறது என்பதற்காகப் பாட்டி காலத்திலேயே கலர் டி.வி. இருந்தது என்று சொல்ல முடியுமா? தூணில் இருக்கிற துப்பாக்கியால் கோயிலுக்கு வயசு கூடாது, கோயிலால் துப்பாக்கிக்கும் வயசு கூடாது.

நம் பாஷையே சாட்சி சொல்கிறது. துப்பாக்கி என்பது 'துஃபெக்' என்ற துருக்கி வார்த்தையின் உறவு. பீரங்கி என்பது 'ஃபிரங்கி', அதாவது ஐரோப்பியன். பரங்கிக்காய்க்கும் பரங்கிமலைக்கும் அண்ணன். பொருள் எந்த வழியாக வந்ததோ அந்த வழியின் தூசியோடுதான் பெயரும் வந்திருக்கிறது. வில்லுக்கும் வேலுக்கும் நாம் யாரிடமும் பெயர் கடன் வாங்கவில்லையே!

போர்ச்சுக்கீசியர் கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498-இல். நம் பக்கத்துக் கடற்கரையில், ராமநாதபுரம் வேதாளையில், கள்ளிக்கோட்டைக் கப்பற்படையோடு அவர்கள் பெரிய சண்டை போட்டது 1538-இல். அதற்குள் ஐரோப்பாவில் குதிரை வைத்த திரித் துப்பாக்கி வந்துவிட்டது. மாமாவின் குழாய் நிஜமாகவே 1400-ஆம் வருஷத்து மாடல் என்றால், கப்பலேறி வந்த போர்ச்சுக்கீசியன் அவன் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று ஆகிறது. சண்டைக்குப் போகிறவன் யாராவது மியூசியத்தைக் கட்டிக்கொண்டு போவானா?

பாளையக்காரர் கதையிலும் ஒரு பொத்தல். பாளையக்காரர்களின் ஆட்கள் வைத்திருந்தது நீண்ட குழலும் மரக்கட்டையும் உள்ள திரித் துப்பாக்கி. அந்த ரகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்குப் போகலாம், தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. ஐரோப்பா கைவிட்ட பிறகும் நம் நாட்டில் திரித் துப்பாக்கி நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதனால்தான் இங்கே வெறும் வடிவத்தை வைத்து வயசு சொல்வது ஆபத்து. போதாததற்கு, 1801 டிசம்பர் 1-ஆம் தேதிப் பிரகடனத்தில் கம்பெனிக்காரன் பாளையங்களின் ஆயுதங்களை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி இன்னொன்றும் படித்தேன். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சத்தத்துக்காகவே வெடிக்கிற குட்டை இரும்புக் குழாய்கள் உண்டு, 'பொல்லர்' என்று பெயர். நூறு, இருநூறு வருஷத்துப் பொல்லரை எடுத்துவைத்துக்கொண்டு 'மத்திய காலத்துப் பீரங்கி' என்று சாதிக்கிற மாமாக்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

படித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருவிழாவுக்கு வெடிக்கிற இரும்புக் குழாய்? மலையாளத்தில் கதினா. நம் ஊரில் அதிர்வேட்டு!

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். பையில் ஒரு டேப், ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி எங்கள் சூப்பிரண்டுடையது. லீவு லெட்டரில் டாக்டர் கையெழுத்தைப் பரிசோதிக்க வைத்திருப்பார்.

மாமா வீட்டுத் திண்ணையில் புரோக்கர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன். குழாய் ஒரு சிவப்புத் துணியில் சுற்றி, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த மாதிரி நடுவில் இருந்தது. அத்தை அதற்கு விபூதி பூசியிருந்தார். மாமா பெண் மட்டும் கதவோரமாக நின்று என்னைப் பார்த்தாள். ஃபீஸ் கட்டக் கடைசி தேதி புதன்கிழமை.

டார்ச்சை வாய்க்குள் அடித்தேன். அந்தக் காலத்து இரும்புத் துப்பாக்கி என்றால், தகட்டைப் பழுக்கக் காய்ச்சி ஒரு கம்பியைச் சுற்றி அடித்து அடித்துச் சேர்த்திருப்பார்கள். சுத்தியலின் அடி தெரியும், சுவர் ஒரு இடம் கனமாக, ஒரு இடம் மெல்லிசாக இருக்கும். இதிலே உள்ளே வாய் முதல் அடி வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் ஒரு தையல். கடையில் அடி கணக்கில் விற்கிற இரும்புப் பைப்பில் இருக்குமே, அதே தையல். டானன்பெர்க் துப்பாக்கியில் மருந்து இருக்கிற அடிப்பாகம் வாயைவிடக் குறுகல். இதிலே மேலும் கீழும் ஒரே விட்டம். அடைப்புக்கு மேல் பூசின மாதிரி துரு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் துருவுக்கு அடியில் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக வெல்டிங் பிசிறு. திரி ஓட்டை, டிரில் போட்ட கச்சிதமான வட்டம்.

"என்ன மாப்ளே?" என்றார் மாமா.

"மாமா, பதினஞ்சாம் நூற்றாண்டுல கரண்ட் வெல்டிங் இருந்திருந்தா, இது அசல்தான்."

புரோக்கர் அசரவில்லை. சிரித்தார். "தம்பி படிச்சவரு, படிப்பைப் பேசுறாரு. அண்ணாச்சி, நூறு பேச்சு எதுக்கு? மருந்து போட்டு ஒரு தடவை வெடிச்சுக் காட்டுறேன். கையில பிடிச்சே வெடிக்கிறேன். வெடிச்சா துப்பாக்கி, வெடிக்கலேன்னா பைப்பு. சரிதானே?"

சொல்லி முடிப்பதற்குள் தெருப் பையன்கள் இருபது பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தன் ஓடிப்போய்ப் பழைய வெடிகளைப் பிரித்து ஒரு காகிதத்தில் மருந்து கொண்டுவந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் சர்க்கரை கடன் கிடைக்காத வீட்டில்கூட இது கிடைத்துவிடும். அதுதான் பயம். மாமாவின் கண்ணில் இருபது லட்சம் மின்னுவதை நான் பார்த்தேன்.

அந்த ஐந்து நாளில் படித்ததிலே ஒன்று எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஸ்காட்லாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் என்று ஒரு ராஜா. பீரங்கி என்றால் உயிர். 1460-இல் ராக்ஸ்பர்க் முற்றுகையில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தபோது பீரங்கியே வெடித்துச் செத்துப்போனார். மருந்தின் குணமும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் மாவாகப் போட்டவர்கள், 15-ஆம் நூற்றாண்டில் அதையே குருணையாக்கிப் போட்டார்கள். அதே வெடியுப்பு, அதே கந்தகம், அதே கரி. குருணையானதும் வேகம் கூடிவிட்டது. மாவு மருந்துக்குச் செய்த குழாயில் குருணையைப் போட்டால் குழாய் தாங்காது. அசல் துப்பாக்கிக்கே இந்தக் கதி. இதுவோ பைப்பு. போடப்போவதோ என்ன கலவை என்றே தெரியாத பட்டாசு மருந்து.

"மாமா, வேணாம்" என்று நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். "அட, சும்மா இரு தம்பி" என்று புரோக்கர் மறுபக்கத்தைப் பிடித்தார். பையன்கள் கைதட்டினார்கள்.

"குடு இப்படி."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அந்த ஊர் வேட்டுக்காரர். சுற்றுவட்டாரத்தில் அம்மன் கோயில் திருவிழா என்றால் சாமி புறப்பட அதிர்வேட்டுப் போடுவது அவர்தான். எழுபது வயசிருக்கும். வலது கையில் மூன்றே விரல்.

குழாயை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். மீதி விரலில் ஒன்றை வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கீழே கிடந்த கல்லால் ஒரு தட்டுத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். 'ணங்' என்று வர வேண்டியது 'டப்' என்று வந்தது.

"இது என் குழாய்ல்ல" என்றார்.

எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி லேத்துப் பட்டறையில ஒரு டஜன் அடிச்சு வாங்கினேன், ஏழெட்டு வருஷம் இருக்கும். அதுல ஒண்ணு. போன பங்குனிப் பொங்கல்ல கீறல் விட்டுருச்சு. இந்தா, வாயில ஒரு பல்லு போயிருக்கு பாரு, அப்படியே உள்ளாற இறங்குது. சத்தம் பிசகுனதுமே தெரிஞ்சுக்கிட்டேன். ஒதுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். எந்தப் புண்ணியவான் இதுக்கு வாலு வச்சான்?"

பூதக்கண்ணாடியை வைத்து மறுபடி பார்த்தேன். துருவுக்குள் மயிரிழை மாதிரி ஒரு கீறல், வாயிலிருந்து திரி ஓட்டையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"தாத்தா, இதைக் கையில பிடிச்சு வெடிச்சிருந்தா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"வேட்டுக் குழாயை மண்ணுல புதைச்சு, திரியைக் கொளுத்திட்டு ஓடியே எனக்கு மூணு விரல்தான் மிச்சம்" என்றார் பெரியவர். "கையில பிடிச்சு வெடிக்கிறவன் ஒரே ஒரு தரம்தான் வெடிப்பான். பக்கத்துல நிக்கிறவன் அதைப் பாத்துச் சொல்லவும் இருக்கமாட்டான்."

மருந்துப் பொட்டலத்தை வைத்திருந்தவன் அதை மெதுவாகத் தரையில் வைத்தான். யாரும் எதுவும் பேசவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் என்ன நடந்தது என்று இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேடிக்கை பார்க்கவும் காப்பாற்றவும் ஓடியவர்களும் அன்றைக்குப் போனார்கள். பெரியவர் பொட்டலத்தை எடுத்து, அத்தையிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, அதில் கொட்டினார்.

நிமிர்ந்து பார்த்தால் திண்ணையில் புரோக்கர் இல்லை. இரண்டு செல்போனும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது போல. தெருக்கோடியில் பைக் சத்தம் மட்டும் கேட்டது.

* * *

சாப்பிடும்போது மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்ளே, நெசமாவே ஒண்ணு கிடைச்சா என்ன பண்றது?"

ஆசை அவ்வளவு சீக்கிரம் போகுமா? சொன்னேன். நிலத்தில் புதைந்திருந்த பழம்பொருள், மதிப்பு 10 ரூபாய்க்கு மேலே என்றால் எழுத்து மூலம் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். புதையல் சட்டம், 1878. நீங்கள் தாசில்தாரிடம் சொன்னால் அவர் வழி காட்டுவார். விருதுநகரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அதைவிட முக்கியம், கிடைத்த இடத்தில் மேற்கொண்டு தோண்டக்கூடாது, தேய்க்கக்கூடாது, கழுவக்கூடாது, விபூதி பூசக்கூடாது. டானன்பெர்க் துப்பாக்கியை அந்தத் தொட்டியிலிருந்து எவனாவது ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப்போயிருந்தால், இன்றைக்கு அது வயசு தெரியாத ஒன்றேகால் கிலோ வெண்கலம்தான். இடத்தை இழந்த பொருள், மார்க் ஷீட்டைத் தொலைத்த பட்டதாரி மாதிரி.

"பத்து ரூபாய்க்கு மேலயா?" என்றார் மாமா. மற்றதெல்லாம் காதில் விழவில்லை.

மாமா பெண் சாம்பார் வாளியை வைத்துவிட்டுக் கேட்டாள். "அத்தான், நீங்க டார்ச், டேப்பு, பூதக்கண்ணாடி எல்லாம் கொண்டு வந்தீங்க. தாத்தா ஒரு கல்லை வச்சுத் தட்டியே சொல்லிட்டாரே?"

நான் தையலையும் வெல்டிங்கையும் பார்த்து 'இது பழசு இல்லை' என்று சொன்னேன். எந்தப் பட்டறை, எத்தனை வருஷம், எந்தத் திருவிழாவில் எப்படி உடைந்தது என்று அவர் சொன்னார். எழும்பூர்க் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற எந்தத் துப்பாக்கிக்கும் இவ்வளவு தெளிவான சாட்சி கிடைத்திருக்காது. லோஷுல்ட் பூச்சாடிக்கும் ஒரு வேட்டுக்காரர் இருந்திருப்பார். தட்டிப் பார்த்துச் சத்தத்தைக் கேட்டு 'இதை ஒதுக்கு' என்று சொல்லத் தெரிந்தவர். அவருக்கு எத்தனை விரல் மிச்சம் இருந்தது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

சாயங்காலம் பெரியவர் சுத்தியலோடு வந்து, குழாயின் வாயைச் சப்பையாக அடித்துவிட்டுப் போனார். இனி யாரும் அதில் எதையும் போட முடியாது.

செவ்வாய்க்கிழமை காலேஜில் ஃபீஸ் கட்டின ரசீதை மாமா எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். கீழே ஒரு வரி: 'துப்பாக்கியைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. நாப்பது ரூபாய் குடுத்தான்.'

நாற்பதாயிரத்துக்கு மூன்று சைபர்தான் குறைவு. நல்ல விலை.